காபட் போடுவதற்கு முன்பே கேளுங்கள்: மலையக வீதிகளில் நடப்பவருக்கும் ஓர் இடம்

இலங்கையின் மலையகத்தில் இன்னமும் நடைதான் முதல் போக்குவரத்து. லயத்திலிருந்து பாடசாலைக்கு, மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு, தோட்டத்திலிருந்து பஸ் ஏறும் சந்திக்கு என்று எல்லாவற்றுக்கும் கால்தான். ஆனால் நம் வீதிகளைப் பார்த்தால், அதில் மனிதர் நடந்து வருவார்கள் என்று நினைத்துக் கட்டியதாகத் தெரியாது. ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, அதன் அடியில் திறந்த கான், அதாவது வடிகால். மறுபக்கம் பள்ளம். நடுவில் இரண்டு வாகனம் ஒன்றையொன்று உரசாமல் போக மட்டும் போதுமான தார். பஸ் வந்தால் பிள்ளைகள் புத்தகப்பையோடு கானுக்குள் கால் வைத்து மண்மேட்டோடு ஒட்டி நிற்கிறார்கள். மழை நாளில் அந்தக் கானில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்.

இதை மாற்றுவதற்கு உலகம் முழுவதும் பழகிவிட்ட ஒரு வழி உண்டு. வீதி மறுவடிவமைப்பு என்று சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. இருக்கிற வீதியின் அகலத்தையும் வேகத்தையும் கடக்கும் இடங்களையும், வாகனத்தில் போகிறவரை மட்டும் பார்க்காமல் நடப்பவரையும் சைக்கிளில் போகிறவரையும் சேர்த்துப் பார்த்து மீண்டும் ஒழுங்குபடுத்துவது. அதற்குத் திட்டம் எப்படிப் போடுவது, காசு எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எனக்குப் பொறியியல் சொல்லித்தரும் எண்ணம் இல்லை. ஊர்ச் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ ஒரு மேசைக்கு முன் போய் உட்காரும்போது, எதைக் கேட்க வேண்டும், யாரிடம், எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

யாருடைய பிழை?

ஒரு விபத்து நடந்தால் நாம் முதலில் கேட்பது, யாருடைய பிழை என்று. சாரதி வேகமாக வந்தாரா, பிள்ளை பார்க்காமல் ஓடியதா? சுவீடன் பாராளுமன்றம் 1997 இல் இந்தக் கேள்வியையே மாற்றிப் போட்டது. மனிதர்கள் பிழை விடத்தான் செய்வார்கள், அந்தப் பிழைக்கு உயிர் விலையாகாதபடி வீதி இருக்க வேண்டும், அதற்கு வீதியைக் கட்டியவர்களும் பொறுப்பு என்பது அவர்கள் எடுத்த நிலைப்பாடு. இதன் வழியே போன ஒஸ்லோ நகரத்தில் 2019 ஆம் ஆண்டு முழுவதும் நடந்து போன ஒருவரோ சைக்கிளில் போன ஒருவரோ வீதியில் இறக்கவில்லை. அங்கும் பனியும் மலையும் சரிவும் உண்டு.

இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். நடப்பவர்களும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் அதில் பெரும்பங்கு. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்தபோது நாடே பேசியது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தபோதும் அப்படித்தான். பேச வேண்டியதுதான். ஆனால் வீதியோரம் நடந்து போனவர்கள் ஒவ்வொருவராக இறக்கும்போது குழு அமைப்பதில்லை, அறிக்கை வருவதில்லை. அந்த வீட்டில் மட்டும் தெரியும்.

வேகம் என்ன செய்கிறது

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உலர்ந்த, சமமான தார் வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், சாரதி ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து நிற்பதற்குச் சுமார் 13 மீற்றர் எடுக்கும். அதே கார் 50 இல் வந்தால் சுமார் 28 மீற்றர். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி போகிறது. 50 இல் அந்த ஒரு நொடியில் மட்டும் கார் 14 மீற்றர் ஓடிவிடும். அதாவது 13 மீற்றருக்கு முன்னால் ஒரு பிள்ளை வீதியில் இறங்கினால், 30 இல் வந்த கார் பிள்ளைக்கு முன்னால் நின்றிருக்கும். 50 இல் வந்த கார் இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது.

இது உலர்ந்த சமதரைக் கணக்கு. நம்முடையது நனைந்த இறக்கம், பாதி நாள் மூடுபனி. நிற்கும் தூரம் இன்னும் கூடும், கண்ணுக்குத் தெரியும் தூரம் இன்னும் குறையும். நகர்ப்புறத்தில் பொதுவாக வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்ற வேக எல்லை இங்கே உண்டு. பாடசாலை வாசலுக்கும் சந்தைத் தெருவுக்கும் அது போதாது என்பது என் எண்ணம். 2020 இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடும் வாகனமும் மனிதரும் கலந்து போகும் இடங்களில் 30 தான் உச்சம் என்று சொன்னது. ஸ்பெயின் 2021 இல், பக்கத்துக்கு ஒரு தடம் மட்டும் உள்ள நகரத் தெருக்களுக்கெல்லாம் அதைச் சட்டமாக்கியது.

ஆனால் பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது. வீதி அகலமாக, வழவழப்பாக இருந்தால் கால் தானாக அக்சிலேட்டரை அழுத்தும். மத்திய மாகாணத்தில் ஐரோட் என்ற வீதித் திட்டத்தில் கிராமத்து வீதிகள் பல காபட் (வழவழப்பான தார் விரிப்பு) ஆனது பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன். அம்புலன்ஸ் வருகிறது, ஆட்டோக் கூலி குறைகிறது. ஆனால் குண்டும் குழியுமாக இருந்தபோது ஊர்ந்து போன வாகனங்கள் காபட் போட்ட அடுத்த நாளே பறக்கத் தொடங்கும். நடப்பவருக்கான ஏற்பாடு காபட்டோடு சேர்ந்து வராவிட்டால், நல்ல வீதியே ஆபத்தான வீதியாகிவிடும்.

மலைக்கு ஏற்ற வழிகள்

சமவெளி நகரங்களுக்கு எழுதிய வழிகாட்டிகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 1.8 மீற்றர் அகல நடைபாதை என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அந்த 1.8 மீற்றர் எங்கே? மண்மேட்டை வெட்டினால் சரியும், பள்ளப்பக்கம் கூட்டினால் தாங்குசுவர் கட்ட வேண்டும். இரண்டும் செலவு. அதனால்தான் மலையகத்துக்கு மிகப் பொருத்தமான நடைபாதை கானின் மேல்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். திறந்த கானைக் கொங்கிரீட் மூடியால் மூடினால், ஒரு அங்குலம் காணி எடுக்காமல் நடக்க இடம் கிடைத்துவிடும்.

மூடுவதிலும் விஷயம் இருக்கிறது. பல இடங்களில் மூடி போட்டிருக்கிறார்கள், மக்கள் அதில் நடப்பதில்லை. ஏன் என்று போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். ஒரு மூடி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது கான் துப்பரவாக்கத் தூக்கி வைத்தது, திரும்ப வைக்கவில்லை. இன்னொன்று மேலும் கீழும் ஆடும். இருட்டில் யார் கால் வைப்பார்? நல்ல மூடிக்கு இரண்டு பேர் தூக்கக்கூடிய எடை வேண்டும், தூக்குவதற்குக் கைப்பிடித் துளை வேண்டும், வீதியிலிருந்து தண்ணீர் கானுக்குள் இறங்க ஓரத்தில் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி குடைக்கம்பும் சிறுபிள்ளையின் காலும் போகாத அளவில் இருக்க வேண்டும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடித்து வழுக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, தென்மேல் பருவமழைக்கு முன்பு ஒரு தடவையாவது, திறந்து துப்பரவாக்கி மூட யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது படிக்கட்டுகள். மலையில் யாரும் கொண்டை ஊசி வளைவைச் சுற்றி நடப்பதில்லை, குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். அந்தக் குறுக்குப் பாதை தேயிலைக்கு நடுவே இறங்கி, கடைசிப் படியிலிருந்து நேராகத் தாருக்குள் கால் வைக்கும். பெரும்பாலும் அந்த இடம் வளைவுதான், எந்தப் பக்கத்திலிருந்து வரும் வாகனமும் தெரியாது. இதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. படியின் அடியில் நான்கு பேர் நிற்கக்கூடிய ஒரு தளம், நேரே வீதிக்குள் இறங்க விடாமல் ஒரு கம்பித் தடுப்பு, வாகனம் தூரத்திலிருந்தே தெரியும் இடம்வரை பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நடைபாதை, அங்கே பாதசாரிக் கடவை. கொழுந்துப் பையைத் தலையில் கொழுவிக்கொண்டு இறங்கும் ஒரு பெண்ணுக்கு நின்று இரண்டு பக்கமும் பார்க்க ஓர் இடம் கிடைக்கும். அவருக்குக் கைப்பிடிக் கம்பியும் வேண்டும்.

பஸ் தரிப்பிடமும் அப்படித்தான். பஸ் எப்போதும் சந்தியிலேயே நிற்கிறது, சந்தி எப்போதும் வளைவிலேயே இருக்கிறது. தரிப்பிடத்தை நேரான பகுதிக்குக் கொஞ்சம் தள்ளி, கடவையைப் பஸ்ஸின் பின்பக்கம் வரும்படி வரைந்தால், இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்து கடப்பது குறையும்.

நம்மவர்கள் மஞ்சள் கோடு என்று சொல்லும் பாதசாரிக் கடவையை, வெறும் கோடாக விடாமல் சுமார் 10 சென்ரிமீற்றர் உயர்த்தி மேடையாகக் கட்டுவது மிகப் பலன் தரும் வேலை. வாகனம் வேகம் குறைத்தே ஆக வேண்டும், கடப்பவரும் உயர்ந்து தெரிவார். ஆனால் செங்குத்தான இறக்கத்தின் நடுவில் இதைக் கேட்காதீர்கள். நனைந்த இறக்கத்தில் திடீரென்று ஒரு மேடு வந்தால் மோட்டார் சைக்கிள்காரர் விழுவார். நகரத்தின் நுழைவில், சரிவு தணியும் இடத்தில் கேளுங்கள். மேடைக்கு அடியில் தண்ணீர் போகக் குழாய் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே குளம் கட்டும்.

இவ்வளவும் இல்லாததால்தான் நம் ஊர்களில் பலர் வீதியை விட்டு ரயில் பாதையில் நடக்கிறார்கள். அது பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். நடக்க வேறு சமமான இடம் இல்லை என்பதுதான் காரணம்.

சைக்கிளைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் சைக்கிள் குறைவு, சரிவு அப்படி. நுவரெலியா கிரகரி வாவியைச் சுற்றிய சமநிலத்தில் ஓட்டுவார்கள், சில இளைஞர்கள் விளையாட்டாகவும் சுற்றுலாப் பயணிகள் நீண்ட பயணமாகவும் ஓட்டுவார்கள். ஆகவே நடப்பவருக்கு முதலிடம் என்பதுதான் நியாயம். சைக்கிளுக்கு ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால், ஏற்றப் பக்கம் கோடு போட்டுப் பிரித்த ஒரு தடம் கேளுங்கள். ஏறும்போது சைக்கிள் நடை வேகத்தில் ஆடி ஆடிப் போகும், பின்னால் வரும் லொறி பொறுமை இழக்கும். அங்கேதான் தனி இடம் தேவை. இறங்கும்போது சைக்கிளும் வாகனத்தின் வேகத்தில் போவதால் ஒரே தடத்தில் சேர்ந்து போகலாம். இருபுறமும் சமமாகப் பிரிக்க அகலம் இல்லாத மலைவீதிக்கு இது பல நாடுகளில் கைகண்ட வழி.

வீதி யாருடையது?

இனிக் காசு விஷயம். இங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் வழி தவறுகின்றன. ஒரு வீதிக்கு யார் சொந்தக்காரரோ அவருடைய பணப்பையிலிருந்துதான் அந்த வீதிக்குக் காசு வரும். பிழையான கதவைத் தட்டினால் இரண்டு வருடம் வீணாகும்.

ஏ, பி வகுப்பு வீதிகள் தேசிய வீதிகள். அவை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ7 அப்படித்தான். பேராதனையிலிருந்து கம்பளை, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்குப் போகும் ஏ5 உம், பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவுக்குப் போகும் ஏ16 உம் அதே வகை. ஹட்டன் நகரத்துக்கு நடுவே ஓடுவதும் ஏ7 தான். அதில் ஒரு கடவை வேண்டும் என்று நகர சபையிடம் மட்டும் மனுக் கொடுத்தால், சபை விரும்பினாலும் தனியாகக் கோடு போட முடியாது. அதிகார சபையின் மாவட்டப் பொறியியலாளரும் போக்குவரத்துப் பொலிசும் சம்மதிக்க வேண்டும்.

சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. நுவரெலியா, கண்டி, மாத்தளை என்றால் மத்திய மாகாணம், பதுளை என்றால் ஊவா. அதற்குக் கீழே உள்ளவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் வீதிகள். அப்புறம் தோட்டப் பாதைகள். இவை 1992 இல் தோட்டங்களோடு சேர்ந்து பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின.

தோட்டப் பாதை விஷயத்தில் ஒரு அநியாயம் நெடுங்காலம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பியவர்களின் வாசலுக்கு அவர்களுடைய சபையால் ஒரு படி கட்டிக் கொடுக்க முடியவில்லை. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் வந்தன. ஆகவே "தோட்டத்துக்குள் எங்களால் செய்ய முடியாது" என்று இன்றைக்கு ஒரு அலுவலகத்தில் சொன்னால், அது பழைய கதை என்று மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். காணி கம்பனியின் கையில் இருப்பதால், தோட்ட முகாமையாளரிடம் இசைவுக் கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் வேலை சுலபமாகும்.

காசு வரும் வழிகள்

பிரதேச சபைக்கும் நகர சபைக்கும் சொந்த வருமானம் உண்டு. சோலைவரி, கடை வாடகை, அனுமதிக் கட்டணம் என்று வருவதோடு, முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாக வந்து சேரும். தோட்டப் பகுதிச் சபைகளுக்குச் சோலைவரி குறைவு என்பதால் பெரிய தாங்குசுவர் அவர்களால் முடியாது. கான் மூடி, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, ஒரு மின்விளக்கு என்பவை முடியும். மாகாணத்துக்கு மத்திய அரசு கொடுக்கும் அபிவிருத்தி நன்கொடை இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கான பன்முகப்படுத்தப்பட்ட நிதி சிறு வேலைகளுக்கு உதவும். தோட்டங்களுக்கென்று பெருந்தோட்ட அமைச்சும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் உள்ளன. 2018 இல் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமாக்கப்பட்டது. பெரிய வேலைகள் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் நடக்கும். அப்படியான திட்டங்களில் வீதிப் பாதுகாப்புப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

காசு எங்கே என்பதைவிட எப்போது என்பதே முக்கியம் என்று நான் சொல்வேன். நடைபாதையை மட்டும் தனியாகக் கட்டினால், தோண்டுவது, கல் ஏற்றுவது, இயந்திரம் கொண்டுவருவது என்று எல்லாச் செலவும் அதன் தலையில் விழும். வீதியையே திருத்தும்போது சேர்த்துச் செய்தால், கூடுதலாவது கொஞ்சம்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலையக வீதிகளைப் பல இடங்களில் அறுத்துப் போட்டன. அறுந்த இடங்களில் புதுத் தாங்குசுவர் எழும்பும்போது, அதை ஒரு மீற்றர் தள்ளிக் கட்டினால் நடப்பவருக்கு நிரந்தர இடம் கிடைக்கும். பழைய அகலத்துக்கே கட்டிவிட்டால் இன்னும் முப்பது நாற்பது வருடத்துக்கு யாரும் அதைத் தொடப் போவதில்லை.

சபைகளின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். ஆகவே உங்கள் கோரிக்கை செப்டெம்பருக்குள் சபையின் மேசையில் இருக்க வேண்டும், அதோடு மதிப்பீடும் இருக்க வேண்டும். மதிப்பீடு போடுபவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர், எல்லோரும் டீ.ஓ. என்று சொல்பவர். அவரை இடத்துக்கு அழைத்து வந்து காட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. தேசிய வீதி என்றால், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் விஷயத்தை எடுக்க ஓர் உறுப்பினரைப் பிடியுங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபை அதிகாரிகளும் அந்தக் கூட்டங்களுக்கு வருவார்கள்.

ஆதாரம் சேர்ப்பது

பொலிசில் பதிவான விபத்துகள் ஒரு தொடக்கம். ஆனால் கானில் விழுந்து கால் முறிந்தது, மயிரிழையில் தப்பியது எல்லாம் அங்கே பதிவாகாது. அதனால் நீங்களே எண்ணுங்கள். பாடசாலை தொடங்கும் முன் ஒரு மணி நேரம், விடும் நேரம் ஒரு மணி நேரம், ஒரு மழை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எத்தனை பேர் நடந்தார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை, எத்தனை பேர் தாரில் இறங்கி நடந்தார்கள், எந்த இடத்தில் கடந்தார்கள். ஒரு தாளில் வீதியை வரைந்து புள்ளி வையுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரையும் வயதான ஒருவரையும் கூட்டிக்கொண்டு அதே வழியில் ஒரு தடவை போங்கள். அவர்கள் நிற்கும் இடமெல்லாம் திட்டத்தில் வர வேண்டிய இடம்.

நகரத் தெரு என்றால் கடைக்காரர்களோடும் ஆட்டோத் தரிப்பிடத்துச் சகோதரர்களோடும் முதலிலேயே பேசிவிடுங்கள். வாகனம் நிறுத்த இடம் போனால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுவார்கள். அது நியாயமான பயம், தட்டிக் கழிக்கக் கூடாது. ஆனால் சம்பளம் வந்த வார ஞாயிறில் கடைக்குள் நிற்பவர்கள் எப்படி வந்தார்கள் என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலோர் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தவர்கள். சந்தேகம் தீராவிட்டால், வர்ணமும் பிளாஸ்டிக் தூண்களும் வைத்து மூன்று மாதம் பரீட்சித்துப் பார்க்கச் சபையிடம் கேட்கலாம். சரிவராவிட்டால் எடுத்துவிடலாம், சரிவந்தால் கொங்கிரீட் போடலாம்.

வீதி உங்கள் ஊரில் திருத்தப்படப் போகிறது என்று கேள்விப்பட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் தர வேண்டும்.

கோரிக்கைக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஓர் இடம், காலை ஏழு மணிக்கு அங்கே எடுத்த ஒரு படம், எண்ணிய கணக்கு, கேட்கும் வேலை, வீதியின் வகுப்பு. எல்லா வீதிக்கும் எல்லாமும் கேட்டு எழுதிய கடிதம் கோப்பில் தூங்கும். பிரதியைப் பாடசாலை அதிபருக்கும் போக்குவரத்துப் பொலிசுக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். அலுவலகத்தில் நேரில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த கூட்டத்தில் முதலில் கேட்கப்படுவது அந்தத் திகதிதான்.